பழைய இலங்கைச் சதம் சேர்ப்பவர்களுக்கு ஒரு சின்னத் தராசும் கைவில்லையும்: பாவித்துப் பார்த்த பிறகு

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகை வேலை செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையொன்றில் மூன்று பொருள் வாங்கினேன். சட்டைப்பைக்குள் அடங்கும் இலத்திரனியல் தராசு 2,600 ரூபா, மடித்து வைக்கிற கைவில்லை 900 ரூபா, தடிப்பு அளக்கிற பிளாஸ்ரிக் வேணியர் இடுக்கி 450 ரூபா. மூன்றிலும் கம்பனிப் பெயர் என்று சொல்ல ஒன்றுமில்லை. இதே சாமான் வேறு வேறு பெட்டிகளில் கொழும்பிலும் ஒன்லைனிலும் கிடைக்கிறது. நான் வாங்கியது தங்கம் நிறுக்க அல்ல. எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் இருந்து வந்து சேர்ந்த பழைய சதங்களை இனம்பிரிக்க. அந்த வேலைக்கு இவை எவ்வளவு தூரம் உதவும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

காசு சேர்க்கத் தொடங்குகிற பிள்ளைகள் முதலில் கேட்பது வில்லை. இலங்கைச் சில்லறைக்கு அது இரண்டாவது சாமான். கையில் இருக்கிற காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் தராசை வாங்குங்கள். எங்கள் சதங்களின் கதை முகத்தில் எழுதப்பட்டதைவிட நிறையில் எழுதப்பட்டிருக்கிறது, அதிலும் இரண்டாம் உலக யுத்த காலத்துச் சதங்களில்.

தராசு 200 கிராம் வரை நிறுக்கும், 0.01 கிராம் வரை காட்டும் என்று மூடியில் அச்சடித்திருக்கிறது. நான் பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். தராசு எனக்கு அன்றாடச் சாமான், அச்சடித்ததை அப்படியே நம்புகிற பழக்கம் இல்லை. மருந்துக் கடையில் வாங்கிய 10 மில்லிலீற்றர் சிரிஞ்சில் கடைசிக் கோடு வரை வடித்த தண்ணீரை இழுத்தேன். தட்டில் ஒரு சிறு கிண்ணத்தை வைத்துச் சைபராக்கி, தண்ணீரை அதற்குள் விட்டேன். 9.96 காட்டியது. எங்கள் ஊர் வெக்கையில், 30 பாகை அளவில், 10 மில்லிலீற்றர் தண்ணீரின் நிறை 10 கிராமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். கணக்குப்படியும் 9.96 தான். அந்த இடத்திலேயே தராசில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

குறைகளும் உண்டு. மின்விசிறி சுற்றினால் கடைசி இலக்கம் நிற்காது. சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் யன்னலையும் சாத்தவேண்டும். ஒரு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும், காசை மாற்றிக் குறிப்பெழுதுவதற்குள் திரும்பத் தட்டவேண்டி வரும். இதைவிட முக்கியமான குறை ஒன்று: மிகப் பாரமில்லாத சாமானை மெல்ல மெல்ல வைத்தால் அதைத் தன் சைபரின் ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு 0.00 ஆகவே நிற்கும். ஒரு கிராமும் வராத அலுமினியச் சதத்துக்கு இது தொல்லை. அதற்கு வழி, முதலில் ஒரு பெரிய காசைத் தட்டில் வைத்துச் சைபராக்காமல் அந்த நிறையைக் குறித்துக்கொள்வது. பிறகு அதன் மேல் அலுமினியக் காசை வைத்து வித்தியாசத்தை எடுக்கலாம். அப்போது தராசு ஏமாறாது. சரிபார்க்கிற படிக்கல்லும் பெட்டிக்குள் வரவில்லை, அதைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

கடைக்காரர் தன் சாமானைப் பற்றி ஒளிக்காமல் சொன்னார். "பிள்ளை, பவுண் நிறுக்கிறதெண்டால் இது காணாது. காசு பார்க்கத்தானே, இது தாராளம்." அவர் சொன்னது சரி.

இலங்கையில் ரூபாயும் சதமும் கணக்குக்கு வந்தபோது, 1870 ஆண்டிட்ட செப்புக் காசுகள் கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம் என்று வந்தன. ஒரு பக்கம் விக்டோரியா அரசி. மறுபக்கம் நடுவில் ஒரு மரம், அதன் இரு புறமும் சிங்களமும் தமிழும். பனை நாட்டில் பிறந்த எனக்கு அந்த மரத்தைக் கண்டால் பனைதான் ஞாபகம் வரும். இந்தக் காசுகளின் நிறை அழகான கணக்கு. கால் சதம் 1.18 கிராம், அரைச் சதம் 2.36, ஒரு சதம் 4.72. நாலு கால் சதத்தைத் தட்டில் அடுக்கினால் ஒரு சதத்தின் நிறை. ஐந்து சதம் அதைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு பாரம், உள்ளங்கையில் வைத்தால் கை இறங்கும். என்னிடம் இருக்கிற விக்டோரியா ஒரு சதம் ஒன்றில் ஆண்டும் இல்லை, அரசியின் மூக்கும் இல்லை. தராசு 4.41 காட்டியது. தேய்ந்த செப்பு ஒரு சதத்துக்கு அது பொருந்துகிற நிறை.

கால் சதத்தைத் தேடுகிறவர்கள் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். கால் சதம் 1904 ஆண்டோடு நின்றுபோன காசு. அதற்கும் முன்னர், ரூபாய்க் கணக்கு வருவதற்கு முந்திய காலத்தில், இலங்கையின் பாவனைக்காக இங்கிலாந்தில் அரைப் பார்திங்கும் கால் பார்திங்கும் அடித்தார்கள், பார்திங் என்பது பென்னியில் கால் பங்கு. அரைப் பார்திங் 1828 முதல். கால் பார்திங் 1839 இலும் 1851 முதல் 1853 வரையும். அவற்றில் இலங்கையின் பெயர் எங்கேயும் இல்லை, தமிழும் இல்லை. நிறையோ அரைச் சதம், கால் சதத்தோடு அப்படியே ஒத்துப்போகும். இந்த இடத்தில் தராசு ஊமை. மரம் தெரிகிறதா, கிரீடத்தின் கீழ் ஆங்கில எழுத்துத் தெரிகிறதா என்று வில்லையால் பார்க்கவேண்டியதுதான். ஒரு நகை வேலைக்காரரின் உண்டியலில் பல வருடமாகக் கால் சதம் என்று கிடந்த ஒரு பொட்டுக் காசை இப்படித்தான் கால் பார்திங் என்று பிரித்தெடுத்தோம்.

தராசின் பெரிய பயன் ஆறாம் ஜோர்ஜ் காலத்துச் சதத்தில். 1937, 1940 ஆண்டிட்ட ஒரு சதம் பழைய 4.72 கிராம் நிறைதான். 1943, 1945 சதங்களை நிறுத்தால் 2.36. யுத்தத்தில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. முகமும் மரமும் விட்டமும் அப்படியே இருக்க, காசின் தடிப்பை மட்டும் பாதியாக்கிவிட்டார்கள். அரைச் சதத்தின் நிறையில் ஒரு சதம்! அரைச் சதமும் 1940 ஆண்டோடு முடிந்துவிட்டது. நூலாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற யுத்தகாலப் பொருளாதாரத்தை இரண்டு காசும் ஒரு தராசும் ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் செய்து காட்டுகிறேன். முதலில் இரண்டையும் கண்ணை மூடிக் கையில் வாங்கச் சொல்வேன், பிறகு தட்டில் வைப்பேன்.

சதுர ஐந்து சதத்திலும் இதே கதை. மூலை மழுங்கிய சதுரக் காசு 1909 இல் வந்தது, அப்போது செப்பும் நிக்கலும் கலந்த வெள்ளை நிறம். 1942 இல் அது நிக்கல் பித்தளையாகி மஞ்சளானது. 1942, 1943 ஆண்டுகளின் மஞ்சள் ஐந்து சதம் 3.89 கிராம். 1944, 1945 ஆண்டுகளின் மஞ்சள் ஐந்து சதம் மெலிந்து 3.24. ஆண்டு தெரிந்தால் நிறுக்கவே தேவையில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் கிடைக்கிற காசுகளில் ஆண்டு தெரிவது குறைவு. இடம்பெயர்ந்தபோது போத்தலிலும் ரின்னிலும் போட்டு மண்ணில் புதைத்தவை, கிணற்றடியில் கிடந்தவை, நேர்த்திக்காக மஞ்சள் துணியில் முடிந்து மறந்தவை என்று எல்லாம் களிம்பு பிடித்து வருகின்றன.

பெரியம்மாவின் கொட்டப்பெட்டியில் இருந்து வந்த சதுரக் காசு ஒன்றைச் சொல்கிறேன். பனையோலைப் பெட்டி, உள்ளே வெற்றிலைச் சாயம், அதற்குள் ஒரு மஞ்சள் ஐந்து சதம். அரசர் தலை நன்றாகத் தெரிகிறது, காது தெரிகிறது, கிரீடத்தின் மணிகள்கூடத் தெரிகின்றன. ஆண்டு இருக்கவேண்டிய இடத்தில் யாரோ துளைபோட முயன்று விட்டுவிட்ட பள்ளம். தராசு 3.19 காட்டியது. 3.89 கிராம் காசு தேய்ந்து 3.19 ஆக வேண்டுமென்றால் அரசரின் காதும் மணிகளும் எப்போதோ போயிருக்கவேண்டும். முகம் இவ்வளவு தெளிவாக இருக்க நிறை இவ்வளவு குறைவு என்றால் பிறக்கும்போதே மெலிந்த காசு. ஆகவே 1944 அல்லது 1945. இடுக்கியால் தடிப்பை அளந்து தடித்த காசொன்றோடு ஒப்பிட்டபோதும் அதே முடிவு. இப்படி ஒரு காசு தன்னை ஒப்புக்கொடுக்கிற நேரத்தில் கிடைக்கிற சந்தோஷம் எனக்குப் பெரிது.

இடுக்கி பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிளாஸ்ரிக் என்பதால் காசில் கீறல் விழாது, அதற்காகவே வாங்கலாம். இரும்பு இடுக்கியைச் செப்புக் காசுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

இனிக் கைவில்லை. சட்டத்தில் 30 மடங்கு என்று வெட்டியிருக்கிறது. அது உண்மை அல்ல. மில்லிமீற்றர் தாளை வைத்துப் பார்த்தால் பத்து மடங்குக்குக் கிட்டத்தான் வரும், ஓரத்தில் நீலமும் சிவப்புமாய் நிறம் பிரியும். ஆனால் காசுக்குப் பத்து மடங்குதான் அளவான உருப்பெருக்கம். 30 மடங்கு உண்மையாக இருந்தால் ஒரு எழுத்தின் கால்தான் தெரியும், காசு தெரியாது. 900 ரூபாய்க்கு இது பரவாயில்லை, ஆனால் பொய்யான இலக்கத்தை வெட்டி விற்பதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. மரத்து நிழலில், பக்கவாட்டில் விழுகிற காலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது. மேலிருந்து அடிக்கிற வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து மறைந்துவிடும்.

வில்லைக்கு வேலை இருக்கிற இடங்கள் சில. 1919, 1920 ஆண்டுகளின் வெள்ளிப் பத்துச் சதம், இருபத்தைந்து சதம், ஐம்பது சதங்களில் பம்பாய் நாணயச்சாலையின் அடையாளமாகச் சின்னதாக ஒரு ஆங்கில 'B' எழுத்து. ஆறாம் ஜோர்ஜ் காசில் அரசரைச் சுற்றியுள்ள எழுத்தும் பார்க்கத்தக்கது. 1940களின் முன்பாதிக் காசுகளில் அவர் அரசரும் இந்தியாவின் சக்கரவர்த்தியும். 1951 ஆண்டிட்ட காசுகளில் வெறும் அரசர், ஏனென்றால் இடையில் இந்தியா சுதந்திரமடைந்துவிட்டது. பூ இதழ்போல விளிம்பு வளைந்த இரண்டு சதத்தில் 1955, 1957 ஆண்டுகளில் எலிசபெத் அரசியின் முகம் வரும். இலங்கையின் அன்றாடச் சில்லறையில் அவர் முகம் வந்தது அந்த இரண்டு சதத்தில் மட்டும். 1963 இல் அரச முகம் இல்லாமல் நாட்டு இலச்சினை பொறித்த காசுகள் வந்தபோது ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியமாகி, 1978 இல் ஐந்தும் பத்தும் அலுமினியமாயின. அவற்றை இனம்பிரிக்க எந்தச் சாமானும் தேவையில்லை, கையில் எடுத்தாலே தெரியும்.

வெள்ளிக் காசை அடர்த்தி வைத்துச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கொள்கை சரி. 1919 க்கு முந்திய பத்துச் சதம் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி, 1919 முதல் 550 பங்கு. தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தால் அடர்த்தி 10.1 அல்லது 9.7 என்று பிரியவேண்டும். ஆனால் பத்துச் சதம் வெறும் 1.17 கிராம். அதன் கனவளவு ஒரு மில்லிலீற்றரில் ஒன்பதில் ஒரு பங்குதான். 0.01 கிராம் காட்டுகிற தராசுக்கு அந்த வித்தியாசம் கடைசி இலக்கத்துக்கும் கீழே. இந்தத் தராசை வைத்துப் பத்துச் சதத்தின் வெள்ளித் தரத்தை யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 5.83 கிராம் நிறையுள்ள ஐம்பது சதத்திலும் மட்டுமட்டுத்தான். இதற்கு 0.001 கிராம் தராசு வேண்டும், விலை வேறு.

எங்கள் மண்ணுக்கே உரிய காசுகளுக்கு வில்லை இல்லாமல் முடியாது. நல்லூரிலிருந்து யாழ்ப்பாணத்தை ஆண்ட அரசர்களின் சேதுக் காசு. படுத்திருக்கிற நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் 'சேது'. தேய்ந்த செப்பில் அந்த இரண்டெழுத்தைப் படிக்கிறபோது சத்தமில்லாமல் இருக்க எனக்கு முடிவதில்லை. கையால் அடித்த காசு என்பதால் நிறை ஒன்றுக்கொன்று ஒத்துவராது, தராசை நம்பி இனம்பிரிக்க ஏலாது. ஆனால் போலியைப் பிடிக்க அந்த ஒவ்வாமையே உதவும். ஊருக்கு வந்து போகிறவர்களுக்கு விற்கவென்று ஒருவர் கொண்டுவந்த மூன்று சேதுக் காசுகளை வில்லையால் பார்த்தேன். நந்தியின் முதுகில், திமிலுக்குப் பின்னால், ஊசிமுனை அளவு குழி. மூன்றிலும் அதே இடத்தில் அதே குழி. விளிம்பைச் சுற்றி அராவிய தடம். கையால் அடித்த மூன்று காசில் ஒரே குழி வராது, ஒரே அச்சில் வார்த்ததில்தான் வரும். நிறுத்துப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே நிறை. இதைக் காட்டியதும் அவர் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசு இங்கே இன்னும் கிடைக்கிறது. ஒரு பக்கம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பின்னல் முத்திரை, பெரிய 'வி' எழுத்தின் இரு கைகளிலும் 'ஓ'வும் 'சி'யும், கீழே ஆண்டு. மறுபக்கத்துக் கேடயத்தில்தான் இனம் இருக்கிறது. ஒற்றைச் சிங்கம் எழுந்து நின்றால் ஹொலண்ட். அலைக்குள் இருந்து பாதிச் சிங்கம் எழும்பினால் சீலாந்து. மேலும் கீழுமாக இரண்டு சிங்கம் நடந்தால் மேற்கு பிரீஸ்லாந்து. சீலாந்தின் அலைக்கோடு தேய்ந்துபோனால் ஹொலண்ட் என்று நினைக்க வரும். சிங்கத்தின் பின்கால் இருக்கிறதா என்று பாருங்கள்.

காசைக் கழுவுகிற பழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. பெரியம்மா நல்ல மனதோடுதான் கேட்டா: "உதுகள் கறுத்துப்போய்க் கிடக்கு, புளி போட்டுத் தேய்ச்சுத் தரட்டே?" குத்துவிளக்குக்குப் புளி சரி, செப்புக் காசுக்கு வேண்டாம். நூறு வருடம் எடுத்துப் படிந்த அந்தக் கறுப்புப் படலம்தான் எழுத்தைக் காப்பாற்றிவைத்திருக்கிறது. புளி அதைத் தின்றுவிடும், நிறையும் குறையும், பிறகு தராசு சொல்வதும் பிழைக்கும். மண் ஒட்டியிருந்தால் வடித்த தண்ணீரில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் எடுங்கள், போதும். கடையில் மலிவாக விற்கிற மென்மையான பிவிசி பிளாஸ்ரிக் உறைக்குள்ளும் செப்பை வைக்கவேண்டாம். எங்கள் வெக்கையில் பச்சைப் பசை கசிந்து காசில் ஒட்டும். தனித்தனிக் கடதாசி உறையே மேல், மேலே நிறையை எழுதி வைக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் சேதுக் காசும் ஒல்லாந்தர் காசும் அனுப்பித் தரும்படி கேட்பது வழக்கம். எனக்கும் ரொறன்ரோவிலிருந்து அண்ணை கேட்டிருக்கிறார், மறுத்துவிட்டேன். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முந்திய பொருள் தொல்பொருள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது. மண்ணுக்குள் இருந்து புதிதாக எடுத்தது அரசின் சொத்து. சட்டத்தை விடுங்கள், நந்திக் காசு நல்லூரை விட்டுப் போகவேண்டியதில்லை என்பதே என் எண்ணம். விக்டோரியா சதமும் ஜோர்ஜ் சதமும் அந்தத் திகதிக்குப் பிந்தியவை. அவற்றை அண்ணைக்கு உறையில் நிறை எழுதி அனுப்பிவைத்தேன்.

வாங்கப்போகிறவர்கள் கடையிலேயே மூடியைத் திறந்து, ஒரே காசைத் தட்டின் நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள். 0.02 க்கு மேல் வித்தியாசம் வந்தால் வேறு பெட்டி கேளுங்கள். நான் மூன்று பெட்டி திறப்பித்தேன், கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. 100 கிராம் படிக்கல் அங்கேயே தனியாக 350 ரூபாய்க்குக் கிடைத்தது, சேர்த்து வாங்குங்கள். பற்றரி பெட்டிக்குள் வருவது பழையது, முதல் நாளே மாற்றிவிடுங்கள்.